பாயோடு ஒட்டிய முதுகு

என் முதுகு ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கள் ஊரில் பட்டம் வாங்கியவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவருடைய உடம்பிலும் ஒரு விரலளவு இடம்கூட வெளிநாட்டு வைத்தியப் புத்தகத்தில் ஏறவில்லை. என்னுடையது ஏறியது. முகம் இல்லை, பேர் இல்லை, முதுகு மட்டும். எப்படி ஏறியது என்று கேட்பவர்கள் பாதிக் கதையிலேயே சிரித்துவிட்டு எழும்பிப் போய்விடுகிறார்கள். ஆகவே முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

நான் ஆரையம்பதிக் கடற்கரையில் மீன் வாங்கி, சைக்கிளில் கட்டி, வாவியைத் தோணியில் கடந்து படுவான்கரை ஊர்களில் விற்றவன். வெயில் ஏற ஏற மீனின் கண் வெளிறும், மீனின் கண் வெளிற வெளிற விலை இறங்கும். அதைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி வந்தது. மீன் பிடிக்கிறவனுக்கும் ஐஸ் வேண்டும், மீன் விற்கிறவனுக்கும் ஐஸ் வேண்டும். அப்படியென்றால் நான் ஏன் மீனோடு மாரடிக்க வேண்டும்? ஐஸ் ஆலை போட்டேன். ஆரும் சொல்லித் தந்து அல்ல. அம்மோனியாக் குழாய் எங்கே ஒழுகுகிறது என்பதை மூக்கால் கண்டுபிடிப்பேன்.

சுனாமி அன்று ஆலை போனது. கறுத்த தண்ணீர் என்னையும் இழுத்துக்கொண்டுபோய் ஒரு தென்னந்தோட்டத்து வேலியில் சொருகிவிட்டு வற்றியது. நிவாரணத்துக்கு வரிசையில் நின்றவர்கள் நிற்க, நான் குழாய் தேடிக் கொழும்புக்குப் போனேன். அடுத்த ஆலையைக் கடலுக்கு முகம் காட்டாமல் ரோட்டுக்கு உட்பக்கமாகக் கட்டினேன். முதல் ஐஸ் கட்டி அச்சிலிருந்து கழன்று விழுந்தபோது, கடல் என்னிடம் தோற்றுப்போனது என்றுதான் நினைத்தேன்.

உடம்புக்கு வருத்தம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. முதலில் வாயில் புண். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடிவிட்டது என்று சுண்ணாம்பைக் குறைத்தேன். வெற்றிலையையே நிறுத்தினேன். புண் நிற்கவில்லை. பிறகு நெஞ்சிலும் முதுகிலும் தண்ணீர் கோத்த கொப்புளங்கள். உடைந்த இடம் தோல் உரித்த இறைச்சி போலக் கிடந்தது.

என் மனைவி இதை அம்மாள் வருத்தம், அம்மை நோய், என்று நினைத்து வாசலில் வேப்பிலை சொருகினாள். அம்மாள் வந்தால் சில நாட்களில் இறங்கிப் போய்விடுவாள். இவள் இறங்கவில்லை. பக்கத்து வீட்டார் சுனாமித் தண்ணீரின் நஞ்சு என்றார்கள். அந்தக் காலத்தில் மயிர் கொட்டினாலும் மாடு குறைமாதத்தில் கன்று வீசினாலும் எல்லாம் சுனாமிதான். மனைவியின் தமையன், என் மச்சான், வேறு காரணம் சொன்னார்.

"இது செய்வினைடா மச்சான். ஐஸ் ஆலைக்காரனுக்குச் செய்யாம மறுகா ஆருக்குச் செய்வான்? எனக்கா செய்யப்போறான்? எனக்குச் செய்தா அவனுக்கு மந்திரிக்கிற தேசிக்காய்ச் செலவுதான் மிச்சம்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனாலும் நான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன்.

அப்போது படுவான்கரையிலும் வாகரைப் பக்கமும் ஷெல்லடி. இடம்பெயர்ந்து வந்த சனத்தில் வாட் நிரம்பி வழிந்தது. கட்டில் இல்லை, கட்டிலுக்குக் கீழேயும் இடம் இல்லை. நடைபாதையில் ஒரு தூணோரம் கிடைத்தது. மனைவி வீட்டிலிருந்து பன்பாயைக் கொண்டுவந்து விரித்தாள். காத்தான்குடியில் வாங்கிய பாய், பன் புல்லில் நெருக்கமாக இழைத்தது. நான் அதில் குப்புறப் படுப்பதும் மல்லாந்து படுப்பதுமாகக் கிடந்தேன்.

அங்கேதான் அந்த டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண் பிள்ளை, வயது முப்பதுக்கு மேல் இராது. என் பேரைக்கூடக் கேட்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு முதுகில் கொப்புளம் இல்லாத நல்ல இடமாகப் பார்த்துப் பெருவிரலால் ஒரு தள்ளுத் தள்ளினார். நல்ல தோல் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. அவித்த பழத்தின் தோல் போல. அவருடைய முகம் மாறியது. குனிந்து கேட்டார்.

"ஐயா, முதுகு பாயோட ஒட்டுதோ?"

எங்கள் பகுதியைத் தெரியாதவர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டும். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூரார், அதிலும் வடக்கத்தியார், எங்களைப் பற்றிச் சொல்வது வழக்கம். மந்திரம் போட்டுப் பாயிலே ஒட்டிவிடுவோமாம், வந்தவன் திரும்பிப் போக மாட்டானாம். உண்மை என்னவென்றால், உத்தியோகத்துக்கு வந்த பெடியன்கள் இங்கே சோறு கறி சாப்பிட்டு, இங்கேயே பெண் எடுத்து, மனைவியின் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அதற்குத்தான் மந்திரம் என்று பேர். நான் யாபாரத்துக்குப் போன இடமெல்லாம் இந்தப் பகிடியைக் கேட்டிருக்கிறேன். ஒரு இடத்திலும் பதில் கொடுக்காமல் வந்ததில்லை.

உடம்பு உரிந்து கிடக்கிறவனிடம் வந்து ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை அதையே கேட்டால்?

"என்ன புள்ள, நக்கலா?" என்றேன்.

"இல்லை ஐயா, காலமை எழும்பேக்க ஒட்டுதோ எண்டு..."

"எங்கட ஆக்கள் ஒட்ட வைக்கிற ஆக்கள்தான். ஒட்டுற ஆக்கள் நாங்க இல்ல. அது உங்கட ஊர் ஆம்புளைகள்."

பக்கத்துப் பாயில் கிடந்த வாகரைக் கிழவர் வலியோடேயே சிரித்துவிட்டார். டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சட்டையை மேலே போட்டுக்கொண்டு, மச்சானின் ஓட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். மட்டக்களப்பான் எவனும் அதைத்தான் செய்திருப்பான். மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள்.

மறுநாள் காலை நான் எழும்பப் பார்த்தேன். பாயும் என்னோடு எழும்பியது.

தோளிலிருந்து இடுப்பு வரை முதுகு பாயோடு ஒட்டிப்போயிருந்தது. இழுத்தால் தோல்தான் வரும். கோபம் கொள்வதற்கும் ஆள் இல்லை. மனைவி வந்து பார்த்தாள், இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இஞ்சருங்க, அந்தப் புள்ள கேட்டது இதைத்தானே?"

"பேசாம தண்ணியக் கொண்டாகா."

"தண்ணி ஊத்தியெல்லாம் கழட்டேலா. அசையாம இரிங்க. ஊர்ப் பேரக் காப்பாத்தப்போய்ப் பாயோட கிடக்கிறீங்க."

மச்சான் வந்தார். பார்த்த உடனே ஆலையில் சாக்கு வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்துவரச் சொன்னார். முதுகைச் சுற்றிப் பாயை வெட்டினார். வெட்டும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"நல்ல பாய்டா மச்சான். கரையில சாயம் போட்டது. ஆமை மாதிரி இரிக்கிறாய் இப்ப."

அப்படியே, முதுகில் பாய்த் துண்டோடு, மேலே ஒரு சேலையைப் போர்த்திக்கொண்டு ஓட்டோவில் குந்தினேன். பாலத்தடிச் சென்றியில், காவல் சாவடியில், ஆமிக்காரன் மறித்தான். அந்த நாட்களில் காயத்தோடு போகிற எவனையும் அவர்கள் சும்மா விடுவதில்லை. எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று கேட்பார்கள். அவன் துப்பாக்கி முனையால் சேலையைத் தூக்கிப் பார்த்தான்.

"மொகத மே?" என்றான். என்ன இது என்று.

"லெடெக், மாத்தயா," என்றார் மச்சான். நோயாளி ஐயா என்று. பாய்க்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று அவருக்குத் தெரியவில்லை, கையை விரித்துக் காட்டினார். அவன் இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் பார்த்தார்கள். ஷெல் காயம், வெடி காயம், தீக்காயம் எல்லாம் கண்டவர்கள்தான். பாய்க்காயம் கண்டதில்லை. போகச் சொல்லிவிட்டார்கள்.

வாட்டில் அந்த டொக்டர்தான் நின்றார். அவர் சிரிக்கவில்லை. அதை நான் இன்றுவரை கணக்கில் வைத்திருக்கிறேன்.

"ஐயா, ஒரு படம் எடுக்கட்டோ? முகம் விழாது. மற்ற டொக்டர்மார் படிக்கிறதுக்கு."

"முகத்தையும் எடு புள்ள. நானென்ன களவா எடுத்தனான்?"

முகத்தை எடுக்கவில்லை. பாயோடு முதுகை எடுத்தார். பிறகு உப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்துப் பாயை இழை இழையாகக் கழற்றினார். பகல் முழுக்க எடுத்தது. அதற்கிடையில் மனைவி அந்தப் பகிடியின் கதையை அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். டொக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயோ அம்மா, எனக்குத் தெரியாது. அதையோ நான் கேட்டனான்?"

கழற்றி முடிந்ததும் பாயில் படுக்கக் கூடாது, வாழையிலையில்தான் படுக்க வேண்டும் என்றார். இலை ஒட்டாதாம், குளிர்ச்சியுமாம். மச்சான் சித்தாண்டியில் தெரிந்த தோட்டக்காரரிடம் போய்க் குருத்திலையாக வெட்டி வந்து விரித்தார்.

"இலையில போட்டாச்சு மச்சான். இனிக் கறிதான் இல்ல. உப்பு டொக்டர் அவவே போட்டிட்டா."

பிறகு டொக்டர் வருத்தத்தை விளக்கினார். தோலின் அடுக்குகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்க ஒரு பசை இருக்கிறதாம். உடம்பைக் காவல் காக்கிறவர்களும் இரத்தத்துக்குள் இருக்கிறார்களாம். "உங்கட காவல்காரர் ஆள் மாறிச் சுடுறாங்கள் ஐயா. அந்தப் பசையை எதிரி எண்டு நினைச்சிட்டாங்கள். அதாலதான் தோல் உங்களோட ஒட்டாமல் பாயோட ஒட்டுது."

சுற்றிப் படுத்திருந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காவல்காரர் ஆள் மாறிச் சுடுவது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் பகுதியில் அதற்கு விளக்கம் தேவைப்படாத காலம் அது.

விழுங்கக் குளிசை தந்தார். கொப்புளம் அடங்கியது, முகம் நீத்துப்பூசணிக்காய் போல ஊதியது, இரத்தத்தில் சீனி ஏறிச் சீனி வருத்தமும் வந்தது. குளிசையைக் குறைத்தால் கொப்புளம் திரும்பியது. கூட்டினால் நான் ஊதினேன். இப்படியே இழுபட்டது. இதற்குள் கிழக்கில் சண்டை ஓய்ந்து வடக்குக்குப் போய்விட்டது. டொக்டரும் கொழும்புக்குப் போய்விட்டார், மேல் படிப்புக்கு. இரத்தப் புற்றுநோயைப் பற்றியும் என்னுடையது போன்ற தோல் வருத்தங்களைப் பற்றியும் எழுதுகிறார் என்று கேள்விப்பட்டேன். குளிசை முற்றாகக் கேட்காமல் போனபோது அவரைத் தேடி அங்கே போனோம்.

பெரிய ஆஸ்பத்திரி. அவர் என்னைப் பார்த்துவிட்டு, எங்கள் வழக்கப்படி, மச்சானைத் தனியாகக் கூப்பிட்டார். பாரமான விஷயத்தை வருத்தக்காரனிடம் சொல்வதில்லை, உறவுக்காரரிடம்தான் சொல்வார்கள். நான் நடுவில் போய் நின்றேன்.

"என்ட ஆலையில எந்தக் குழாய் ஒழுகினாலும் முதல்ல எனக்குத்தான் சொல்லணும். இதுவும் என்ட குழாய்தான். சொல்லு புள்ள."

அவர் மச்சானைப் பார்த்தார், மச்சான் நிலத்தைப் பார்த்தார். பிறகு என்னிடமே சொன்னார். சில பேருக்கு இரத்தத்தில் புற்றுநோய் உள்ளே ஒளித்திருக்குமாம், அதன் முகம் மட்டும் தோலில் கொப்புளமாகத் தெரியுமாம். எனக்குக் குளிசை கேட்காததால் அந்தச் சந்தேகம். அப்படி இருந்தால் நம்பிக்கை குறைவு. இல்லாவிட்டால் ஒரு மருந்து இருக்கிறது. எது என்று அறிய இடுப்பெலும்புக்குள் இருந்து மச்சை எடுக்க வேண்டும், உடம்பு முழுவதையும் படம் பிடிக்க வேண்டும்.

"தோலுக்கு வந்ததுக்கு எலும்ப ஏன் தோண்டுற?"

"காவல்காரர் பிறக்கிற இடம் எலும்புக்குள்ளதான் ஐயா."

எடுத்தார்கள். குழாய்க் கிணறு அடிப்பதுபோல இடுப்பில் ஊசியைத் திருகினார்கள். நான் கத்தவில்லை. மச்சான் வெளியே நின்று கத்தினார்.

முடிவு வரும்வரை இரத்தப் புற்றுநோய்க்காரரின் வாட்டில் கிடந்தேன். அவர்கள் மெலிந்து, மயிர் கொட்டிக் கிடந்தார்கள். நான் மட்டும் ஊதிப்போய். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களப் பெரியவர், தையற்காரராம். மொழி தெரியாவிட்டாலும் என் சாரத்தின் தையலைத் தொட்டுப் பார்த்து, சரியில்லை என்று தலையாட்டுவார். மனைவி கட்டிலடியில் இருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து விட்டுக்கொண்டிருப்பாள். எனக்குப் புற்று இருந்தால் ஆலையை ஆர் பார்ப்பது என்று நான் யோசித்தேன். அவள் என்ன யோசித்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் வெளியே வெடிச் சத்தம். குண்டு என்று நினைத்து நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். பிறகுதான் விளங்கியது, சீன வெடி. சண்டை முடிந்துவிட்டதாம். ரோட்டில் கொடியோடு ஆட்டம் பாட்டம். வாட்டில் இருந்த தமிழ் ஆட்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். தையற்காரரின் மகள் வெற்றிக்குப் பொங்கிய பாற்சோறு கொண்டுவந்தாள். அவர் ஒரு துண்டை எடுத்து எனக்கு நீட்டினார். கெட்ட மனிதர் இல்லை. வாட்டில் எல்லாருக்கும் நீட்டுவது போலத்தான் எனக்கும் நீட்டினார். நான் வாயைத் திறந்து புண்ணைக் காட்டினேன். அவர் பாவம் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுக் கையை எடுத்தார். அந்தப் புண்ணால் எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே உதவி அது.

அந்தச் சத்தத்துக்குள்தான் டொக்டர் வந்தார். கண் சிவந்திருந்தது. அவருடைய ஆட்கள் எல்லாம் வடக்கில். கட்டிலோரம் குனிந்து ஏதோ சொன்னார். வெடியில் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு புள்ள."

"இல்லை ஐயா."

"என்ன இல்ல?"

"புற்று இல்லை! மச்சையும் சுத்தம், படமும் சுத்தம்!"

மனைவி என் விரலை விட்டாள். கட்டில் காலில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அப்படி ஒரு சொல் கிடைக்காத பல பேர் பக்கத்தில் கிடந்ததால் நாங்கள் சத்தமாகச் சந்தோஷப்படவில்லை.

பிறகு மருந்து ஏற்றினார்கள். அது இரத்தப் புற்றுக்காரருக்கு ஏற்றுகிற அதே மருந்து. மச்சானுக்குச் சந்தேகம் போகவில்லை. "புற்று இல்லாதவனுக்குப் புற்று மருந்து ஏன்? ஒளிக்கிறாங்கடா மச்சான்." நான்தான் அவருக்கு விளக்கினேன். இரண்டு வருத்தத்துக்கும் காவல்காரர் வருகிற குழாய் ஒன்றுதான். ஒருத்தனுக்கு அது பெருகி வெடிக்கிறது, இன்னொருத்தனுக்கு அது ஒழுகி நஞ்சாகிறது. இரண்டுக்கும் மூடுகிற திருகு ஒன்று. டொக்டர் இதைக் கேட்டுவிட்டு, படிப்பிக்கும்போது இதையே சொல்லப்போகிறேன் என்றார். சொல்லியிருப்பார்.

சில வருடம் கழித்து அவர் மட்டக்களப்புக்கு ஒரு கூட்டத்துக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்குள் நிறைய எழுதிவிட்டார். இரத்தப் புற்றைப் பற்றி, தோலைப் பற்றி, இரண்டும் சந்திக்கிற இடத்தைப் பற்றி. அதில் ஒன்றை அச்சில் கொண்டுவந்தார். வழுவழுப்பான தாள். என் முதுகு. அதன் மேல் பன்பாய், கரைச் சாயம்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. காத்தான்குடியில் அந்தப் பாயை இழைத்த பெண்ணும் உலகம் முழுக்கப் போய்விட்டாள், அவளுக்குத்தான் தெரியாது.

"என்னைப் பத்தி என்ன போட்டிரிக்கு? வாசி."

அவர் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். நடுவயது கடந்த ஆண், ஓய்வுபெற்ற மீனவர்...

"நிப்பாட்டு! ஆரு மீனவர்? நான் ஐஸ் ஆலை முதலாளி. மீன் பிடிக்கிறவன் என்னட்டத்தான் வாறான்."

"ஐயா, ஆள் ஆரெண்டு தெரியக்கூடாது எண்டு கொஞ்சம் மாத்திப் போடுறது வழக்கம்."

"மாத்துறதெண்டா மேல மாத்து. ஏன் கீழ மாத்துற?"

மச்சான் முற்றத்தில் நின்று சிரித்தார். "விடுங்க டொக்டர். முதுகத்தான் போட்டீங்க, அதுக்கே இவனக் கட்டிப் பிடிக்கேலாம இரிக்கு. முகத்தையும் போட்டிருந்தா ஊரே காலி."

அடுத்த முறை திருத்துவதாகச் சொல்லிவிட்டு, டொக்டர் கடைசிப் பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். எங்கள் பகுதியில் வேலைக்கு வருகிற வைத்தியர்களுக்கு அவர் எழுதியது. இந்த வருத்தக்காரரிடம் பாயோடு ஒட்டுகிறதா என்று கேட்கக் கூடாது, அதற்கு இங்கே வேறு பொருள் இருக்கிறது, உடுப்பில் ஒட்டுகிறதா என்று கேட்க வேண்டும் என்று. அந்த வரி என்னால் வந்தது. பட்டம் வாங்கிய எவனும் அப்படி ஒரு வரி எழுத வைத்ததில்லை.

மனைவி சாப்பாடு போட்டாள். டொக்டருக்கு முன்னால் வாழையிலையை விரித்தபோது அவர் இலையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இதில ஆரும் படுக்கல்ல புள்ள, சாப்பிடுங்க," என்றாள் மனைவி. "பாயில வடிவா இரிங்க. ஒட்ட வைக்க மாட்டம்."

போகிறதற்கு முன் டொக்டர் என் சட்டையைத் தூக்கச் சொன்னார். கையைக் கழுவிவிட்டு வந்து, முதல் நாள் தள்ளிய அதே இடத்தில் பெருவிரலை வைத்துத் தள்ளினார். மனைவி சோற்றுக் கரண்டியோடு குசினி வாசலில் நின்றாள். டொக்டர் பலமாக இன்னொரு முறை தள்ளினார். தோல் அசையவில்லை.

"ஒட்டியிருக்கு, ஐயா," என்றார்.

"மட்டக்களப்பில ஒட்டினா அப்படித்தான் புள்ள," என்றேன்.

மனைவி கரண்டியோடு திரும்பினாள். உள்ளே போய் டொக்டருக்கு இன்னொரு கரண்டி சோறு எடுத்து வந்தாள், அவர் ஏற்கெனவே கை கழுவிவிட்டார் என்பதையும் மறந்து.